பாலைவனக் கண்ணாடிக்குள் பார்ப்பது எப்படி: உட்பொதிவுகளைப் படிக்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

பாலைவனக் கண்ணாடித் துண்டு ஒன்று கைக்கு வந்ததும் எல்லோரும் அதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிக்கிறார்கள். வெளிர் மஞ்சள் நிறத்துக்குள்ளே வெள்ளைப் பொட்டுகள் தெரிகின்றன. ஓரத்தில் புகை படிந்தாற்போல் ஒரு கருங்கோடு ஓடுகிறது. அடுத்த நிமிடமே வாதம் தொடங்கிவிடுகிறது: விண்கல் தரையில் மோதியதா, வானத்திலேயே வெடித்ததா? பார்த்ததற்கும் இந்தக் கேள்விக்கும் நடுவில் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. அந்த வேலையைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

ஒன்றை முதலிலேயே மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். கண்ணாடிக்குள் சிக்கியிருக்கும் எந்தப் பொருளும், அதாவது எந்த உட்பொதிவும், தன் பிறப்புக் கதை முழுவதையும் சொல்லாது. ஒன்று வெப்பத்துக்குச் சாட்சி சொல்லும். இன்னொன்று அழுத்தத்துக்குச் சாட்சி சொல்லும். வேறொன்று வெளியிலிருந்து வந்த பொருளுக்குச் சாட்சி சொல்லும். வெப்பத்தின் சாட்சியைக் கூண்டில் ஏற்றி அழுத்தத்தைப் பற்றி விசாரிப்பதால்தான் பாதிச் சண்டைகள் முடிவில்லாமல் நீள்கின்றன.

கையில் இருப்பது என்ன?

பாலைவனக் கண்ணாடி என்றதும் பெரும்பாலும் நினைவுக்கு வருவது லிபியப் பாலைவனக் கண்ணாடி. பெயரில் லிபியா இருந்தாலும் அது கிடைப்பது எகிப்தின் மேற்கு எல்லையை ஒட்டிய பெருமணற்கடலில். ஏறக்குறைய 2 கோடியே 90 லட்சம் ஆண்டுகள் பழமையானது. அதில் 98 சதவீதம் சிலிகா, அதாவது மணலின் முக்கியப் பொருள். எரிமலைக் கண்ணாடியான அப்சிடியனில் சிலிகா 70 முதல் 75 சதவீதம்தான் இருக்கும் என்பதை ஒப்பிட்டுப் பார்த்தால், இது எவ்வளவு தூய பொருள் என்பது புரியும். பேட்ரிக் கிளேட்டன் 1932ஆம் ஆண்டு நில அளவைப் பயணத்தில் இதைக் கண்டார். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் கனிமவியலாளர் லெனார்ட் ஸ்பென்சர் 1934இல் அங்கே சென்று சேகரித்தார். அவர்களுக்கு வெகுகாலம் முன்பே கற்கால மனிதர்கள் இதைச் செதுக்கிக் கருவிகள் செய்திருக்கிறார்கள். பண்டைய எகிப்திய மன்னர் துட்டன்காமனின் மார்பணி ஒன்றின் நடுவில் இருக்கும் வண்டு உருவமும் இதே கண்ணாடிதான். 1922இல் கல்லறை திறக்கப்பட்டபின் நெடுங்காலம் அதைச் சால்செடனி என்னும் குவார்ட்ஸ் வகைக் கல் என்றே எண்ணியிருந்தார்கள். 1990களில்தான் உண்மை தெரிந்தது.

சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில் பிக்கா ஊரை அடுத்துக் கிடைக்கும் கண்ணாடி வேறு வகை. கருமை, கரும்பச்சை நிறங்களில், முறுக்கி மடித்த பலகைகள் போல இருக்கும். வயதும் ஏறக்குறைய 12,000 ஆண்டுகள்தான். இரண்டையும் ஒன்றாகப் பேசக் கூடாது. ஒன்றன் உட்பொதிவைக் காட்டி மற்றதன் பிறப்பை நிறுவ முடியாது.

வாங்குபவர்களுக்கு ஒரு சொல். பெருமணற்கடலின் தெற்கே உள்ள கில்ஃப் கெபீர் பகுதியை எகிப்து 2007இல் தேசியப் பூங்காவாக அறிவித்தது. எங்கே, எப்போது, எந்த வழியில் எடுக்கப்பட்டது என்று சொல்ல முடியாத துண்டை வாங்காதீர்கள். சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. கிடைத்த இடம் தெரியாத துண்டு பிறப்பு பற்றிய வாதத்தில் பாதி ஊமை.

உண்மையான துண்டுதானா?

போலிகள் ஏராளம். உட்பொதிவை ஆராய்வதற்கு முன் இரண்டு எளிய சோதனைகளைச் செய்துவிடுங்கள்.

முதலாவது அடர்த்தி. 0.01 கிராம் வரை காட்டும் சிறிய மின்னணுத் தராசு போதும். துண்டை உலர்ந்த நிலையில் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு கோப்பை நீரைத் தராசில் வைத்து அளவைப் பூஜ்யமாக்குங்கள். மெல்லிய நூலில் கட்டிய துண்டை, அடியையும் பக்கங்களையும் தொடாதபடி, நீரில் முழுவதும் மூழ்கத் தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டுவது துண்டு விலக்கிய நீரின் எடை. உலர்ந்த எடையை இதனால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். உலர்ந்த எடை 22.1 கிராம், நீரில் காட்டும் எண் 10.0 என்றால் அடர்த்தி 2.21. லிபியக் கண்ணாடிக்கு ஏறக்குறைய இதுதான் வர வேண்டும். சன்னல், பாட்டில் கண்ணாடிகள் 2.5 அளவில் நிற்கும். மேற்பரப்பில் காற்றுக் குமிழிகள் ஒட்டிக்கொண்டால் கணக்கு தவறும். நீரில் இறக்கியதும் மென்தூரிகையால் ஒருமுறை தடவிவிடுங்கள்.

இரண்டாவது கிளிசரின் குளியல். லிபியக் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் 1.46; கிளிசரினுக்கு 1.47. இரண்டும் இவ்வளவு நெருங்கியிருப்பதால், கிளிசரினில் இறக்கிய துண்டின் விளிம்புகள் கண்ணுக்கு மறைந்துவிடும். சில சொட்டு நீர் கலந்தால் இன்னும் நன்றாக மறையும். சாதாரணக் கண்ணாடியின் எண் 1.52 என்பதால் அதன் விளிம்புகள் கிளிசரினிலும் தெளிவாகத் தெரியும்.

இந்த இரண்டிலும் தேறிவிட்டது என்பதற்காக அவசரப்பட்டு மகிழ வேண்டாம். தொழிற்சாலையில் உருக்கிய தூய சிலிகாக் கண்ணாடியும் இரண்டிலும் தேறும். மேற்பரப்பைப் பாருங்கள். நெடுங்காலம் மணற்காற்று அரைத்த முகம் பட்டுப்போல் வழுவழுப்பாக, சிறு குழிவுகளோடு இருக்கும். மணலில் புதைந்திருந்த பக்கம் வேறு மாதிரி சொரசொரக்கும். அச்சில் வார்த்த தையல்கோடோ, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரியான பளபளப்போ தெரிந்தால் விலகிவிடுங்கள்.

கழுவுதல்

வெந்நீர், ஒரு சொட்டுச் சோப்பு, மென்தூரிகை, அவ்வளவே. அமிலம் வேண்டாம். மேற்பரப்புக் குழிகளில் அடைந்திருக்கும் மண்ணை முழுமையாக எடுத்துவிட வேண்டும். என் முதல் துண்டில் வரிசையாக நான்கு செம்பழுப்புப் பொட்டுகளைக் கண்டு, இரும்புக் கனிமம் என்று குறிப்பேட்டில் எழுதினேன். அதை வைத்து இரண்டு பக்கம் யோசனையும் எழுதினேன். இரண்டாம் முறை கழுவியபோது நான்கும் நீரோடு போய்விட்டன. மேற்பரப்பில் வெட்டுப்பட்டுத் திறந்த குமிழிகளில் தங்கிய பாலைவன மண் அது. அன்றிலிருந்து, ஒரு பொட்டு உள்ளேதான் இருக்கிறது என்பதை மூன்று கோணங்களில் பார்த்து உறுதி செய்யாமல் நான் எதையும் எழுதுவதில்லை. துண்டை மெல்லத் திருப்பும்போது மேற்பரப்புக் குறியும் பொட்டும் ஒன்றாகவே நகர்ந்தால் அது மேலே இருக்கிறது. வேறு வேகத்தில் நகர்ந்தால் உள்ளே இருக்கிறது.

வெட்டி மெருகேற்ற நினைப்பவர்கள் ஈரத்தில் மட்டும் அரையுங்கள், முகக்கவசமும் அணியுங்கள். உலர் அரைப்பில் எழும் சிலிகாத் தூள், அதிலும் சிலிகாவின் படிக வடிவமான கிறிஸ்டோபலைட்டின் தூள், நுரையீரலுக்குப் பெருங்கேடு.

ஒளியும் கண்ணும்

பத்து மடங்கு உருப்பெருக்கும் கைலென்ஸ் ஒன்று வாங்குங்கள். அதைக் கண்ணை ஒட்டிப் பிடித்து, துண்டை லென்ஸை நோக்கிக் கொண்டுவர வேண்டும். கல்லின் மேல் லென்ஸை வைத்துத் தூரத்திலிருந்து குனிந்து பார்த்தால் பார்வைப் பரப்பு குறுகிவிடும்.

ஒளியை மூன்று விதமாகக் கொடுத்துப் பாருங்கள். பின்னாலிருந்து வரும் பரவலான ஒளியில் கருங்கோடுகளும் நிறப் பட்டைகளும் துலங்கும். கறுப்புத் துணியின் மேல் வைத்துப் பக்கவாட்டில் டார்ச் அடித்தால் குமிழிகளும் வெள்ளைக் கோளங்களும் விண்மீன்கள் போல எழுந்து நிற்கும். மூன்றாவது முனைவாக்கிய ஒளி. இதற்குத் தனிக் கருவி தேவையில்லை. எல்சிடி கணினித் திரையை முழு வெண்மையாக்கினால் அதிலிருந்து வருவது முனைவாக்கிய ஒளிதான். அதன்முன் துண்டைப் பிடித்து, போலராய்டு குளிர்கண்ணாடி வழியாகப் பாருங்கள். திரை இருளும் வரை குளிர்கண்ணாடியைத் திருப்புங்கள். கண்ணாடிக்கு ஒழுங்கான படிக அமைப்பு இல்லாததால் துண்டும் திரையோடு சேர்ந்து இருண்டுவிடும். அந்த இருளில் எது ஒளிர்கிறதோ அது படிகமாக இருக்கலாம். அல்லது படிகத்தைச் சுற்றிக் கண்ணாடி இறுகியதால் உண்டான உள்ளழுத்தமாக இருக்கலாம். மங்கலான ஒளிவட்டத்தின் நடுவே ஒரு வெள்ளைக் கோளத்தை முதன்முதலாகக் காணும் நொடி, இந்தப் பழக்கத்துக்கு ஒருவரை நிரந்தரமாக அடிமையாக்கிவிடும்.

கிளிசரின் குளியலில் இருக்கும்போதே பார்ப்பது எல்லாவற்றிலும் சிறந்தது. அரித்த மேற்பரப்பின் கூச்சம் மறைந்து, உள்ளே நேராகப் பார்வை இறங்கும்.

உள்ளே இருப்பவற்றை இனம்காணுதல்

குமிழியிலிருந்து தொடங்குங்கள். நடுவில் ஒளிப்புள்ளி, சுற்றிலும் கருவிளிம்பு, கூர்மையான எல்லை. குமிழி உருண்டையா, தட்டையா, நீண்டதா என்று பாருங்கள். உருண்டை என்றால் உருகிய கண்ணாடிக்குத் தன் பரப்பு இழுவிசையால் வடிவத்தைச் சரிசெய்ய நேரம் கிடைத்திருக்கிறது. நீண்டு கிடந்தால், இறுகும் கடைசி நேரம்வரை ஓட்டம் இருந்திருக்கிறது. எல்லாக் குமிழிகளும் ஒரே திசையில் நீண்டிருக்கின்றனவா என்பதை அம்புக்குறியிட்டு வரையுங்கள். குமிழியே இல்லாத தெளிந்த பகுதியும் முக்கியம். உருகிய தூய சிலிகா மிகக் கெட்டியான பாகு. அதிலிருந்து குமிழிகள் எளிதில் வெளியேறா. தெளிந்த கண்ணாடி உண்டாக, வெப்பம் மிக உயர்ந்திருக்க வேண்டும், அல்லது போதிய நேரம் நீடித்திருக்க வேண்டும்.

வெள்ளைக் கோளங்கள் அடுத்தவை. இவை கிறிஸ்டோபலைட் என்னும் சிலிகாப் படிகம். பால் போன்ற மங்கிய வெண்மை. லென்ஸில் பார்த்தால் மீன்செதில் போல நுண்விரிசல்கள் தெரியும். உயர்வெப்ப வடிவில் வளர்ந்த கிறிஸ்டோபலைட் 270 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் கீழே ஆறும்போது வேறு வடிவத்துக்கு மாறிச் சுருங்குகிறது. விரிசல்கள் அந்தச் சுருக்கத்தின் தடம். குமிழியோடு இதைக் குழப்புவது புதியவர்களின் முதல் தவறு: குமிழி ஒளியைக் குவிக்கும், கிறிஸ்டோபலைட் ஒளியைச் சிதறடிக்கும்.

கிறிஸ்டோபலைட் எதற்குச் சாட்சி? சூடான கண்ணாடி, படிகம் வளரும் அளவுக்கு மெதுவாக ஆறியது என்பதற்கு மட்டும். கண்ணாடித் தொழிற்சாலை உலையிலும் இதே படிகம் வளர்வதுண்டு. ஆகவே இது விண்கல்லை நிரூபிக்காது, இயற்கைக் கண்ணாடி என்பதைக்கூடத் தனியாக நிரூபிக்காது. ஆனால் வரிசைமுறையைச் சொல்லும். கருங்கோடு ஒன்று கோளத்தைச் சுற்றி வளைந்து போகிறதா, வளையாமல் ஊடுருவிப் போகிறதா என்று பாருங்கள். வளையாமல் போனால், ஓட்டம் நின்ற பிறகுதான் கோளம் வளர்ந்தது. எந்தச் சோதனைக்கூடமும் இல்லாமல், ஒரு கைலென்ஸால் 2 கோடியே 90 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய இரண்டு நிகழ்வுகளில் எது முன், எது பின் என்று சொல்லிவிடலாம். இதைவிடப் பெரிய மகிழ்ச்சி இந்தத் துறையில் எனக்குத் தெரியாது.

கருங்கோடுகளும் பழுப்புப் பட்டைகளும் மூன்றாவது. எல்லாத் துண்டிலும் இருக்காது. இருந்தால் கவனமாகப் பேணுங்கள். இந்தக் கருமையான பகுதிகளில்தான் இரிடியம் முதலான பிளாட்டினக் குழுத் தனிமங்கள் சுற்றியுள்ள கண்ணாடியைவிடக் கூடுதலாக இருப்பதையும், அவற்றின் விகிதம் விண்கற்களை ஒத்திருப்பதையும் ஆய்வகங்கள் கண்டன. அதாவது இவை வெளிப்பொருளின் சாட்சிகள். ஆனால் கருமை என்றாலே விண்கல் தூள் என்று எழுதிவிடாதீர்கள். சில பழுப்புப் பட்டைகள் உருகிய தரைப்பாறையிலிருந்தே வந்தவை. நிறத்தைக் கண் சொல்லும். இரிடியத்தைக் கருவிதான் சொல்லும்.

கைலென்ஸுக்கு எட்டாத ஒன்று இருக்கிறது. விவாதத்தின் உயிர்நாடியே அதுதான்: சிர்கான் என்ற கனிமம். மணலோடு சேர்ந்து உருகலுக்குள் சிக்கிய நுண்மணிகள். எலெக்ட்ரான் நுண்ணோக்கி இல்லாமல் இவற்றைப் படிக்க முடியாது. ஆனால் அவை சொல்லும் செய்தியைப் புரிந்துகொள்ளாமல் யாரோடும் வாதிட முடியாது. ஏறக்குறைய 1,670 டிகிரிக்கு மேல் சிர்கான் பிரிந்து, பேடிலியைட் என்னும் சிர்கோனியம் ஆக்சைடும் சிலிகாவுமாகிறது. லிபியக் கண்ணாடியில் இப்படிப் பிரிந்த சிர்கானை ஆய்வாளர் கிளைன்மன் 1969இலேயே விவரித்தார். இது வெப்பத்தின் சாட்சி. சாதாரணத் தீயோ எரிமலையோ அந்த வெப்பத்தை எட்டுவதில்லை.

வாதிடும் முறை

குறிப்பேட்டில் ஒவ்வொரு உட்பொதிவுக்கும் மூன்று வரி எழுதுங்கள். நான் பார்த்தது என்ன? அது உருவாக என்ன தேவைப்பட்டது? அதே தேவையை நிறைவு செய்யக்கூடிய வேறு வழி எது? மூன்றாவது வரியை எழுதாமல் விடுபவர்கள்தான் சீக்கிரம் கட்சி கட்டுகிறார்கள்.

இதை லிபியக் கண்ணாடியில் பொருத்திப் பாருங்கள். வெப்பத்துக்குச் சாட்சி இருக்கிறது. வெளிப்பொருளுக்கும் சாட்சி இருக்கிறது. இந்த இரண்டால், கண்ணாடி குளிர்ந்த நிலையில் கூழ்போல் படிந்து உருவானது என்ற பழைய கருத்து விழுந்துவிடுகிறது. ஆனால் தரையில் மோதிய விண்கல்லும், தரையைத் தொடாமல் வானில் வெடித்துத் தீப்பிழம்பைக் கீழே அனுப்பிய விண்பொருளும், இந்த இரண்டு சாட்சிகளையும் ஒரே மாதிரி விட்டுச்செல்லும். கண்ணாடிக்கு உரிய பள்ளம் இதுவரை உறுதிப்படவில்லை. அதனால் வான்வெடிப்புக் கருத்துக்குப் பெரும் ஆதரவு கிடைத்தது. 1908இல் சைபீரியாவின் துங்குஸ்காவில் காட்டைச் சாய்த்த வெடிப்பும் பள்ளம் விடவில்லையே என்று அந்தக் கருத்தை ஆதரித்தவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். லிபியாவில் உள்ள பி.பி., ஒயாசிஸ் ஆகிய இரண்டும் உண்மையான மோதல் பள்ளங்கள். ஆனால் இந்தக் கண்ணாடியின் தாய்ப்பள்ளம் இவைதான் என்று காட்ட முடியவில்லை. எகிப்து எல்லையில் 31 கிலோமீட்டர் அகலத்தில் சுட்டிக்காட்டப்பட்ட கெபிரா என்ற வட்ட வடிவத்தை மோதல் பள்ளம் என்று ஏற்கப் போதிய சான்று கிடைக்கவில்லை.

இரண்டையும் பிரிப்பது அழுத்தம் ஒன்றுதான். ஆரன் கவோசி, கிறிஸ்டியன் கோபெர்ல் இருவரும் 2019இல் வெளியிட்ட ஆய்வின் வலிமை அங்கேதான் இருக்கிறது. கண்ணாடிக்குள் இருந்த சிர்கான் மணிகளின் நுண்துகள்கள் ஒன்றுக்கொன்று குறிப்பிட்ட கோணங்களில் அமைந்திருந்தன. அந்த மணிகள் ஒரு காலத்தில் ரெய்டைட் என்ற அதியழுத்த வடிவமாக மாறி, பிறகு வெப்பத்தில் மீண்டும் சிர்கானாகத் திரும்பியிருந்தால்தான் அந்த ஒழுங்கு வரும். ரெய்டைட் பிறக்க ஏறக்குறைய 3 லட்சம் வளிமண்டல அழுத்தம் வேண்டும். வானில் வெடிக்கும் எதுவும் தரைமணலில் அந்த அழுத்தத்தை உண்டாக்காது. 2023இல் வெளியான இன்னோர் ஆய்வு, 2,250 டிகிரிக்கு மேலான வெப்பத்தையும் உயர் அழுத்தத்தையும் காட்டும் சிர்கோனியம் ஆக்சைடு வடிவங்களை இதே கண்ணாடியில் கண்டது.

எனவே தரைமோதல் பக்கமே நான் நிற்கிறேன். ஆயினும் மூன்றாவது வரியை இங்கேயும் எழுத வேண்டும்: அந்த மணிகள் அதற்கு முன்பே வேறொரு மோதலில் அழுத்தம் பட்டு, மணலில் கலந்து கிடந்தவையாக இருக்க முடியாதா? இதைக் கேட்பவரை மடக்கிவிட்டதாக நினைக்காதீர்கள். எத்தனை மணிகள், கண்ணாடியின் எந்தெந்தப் பகுதிகளில், எத்தனை துண்டுகளில் என்று கேட்டு விவாதத்தை எண்ணிக்கைக்குக் கொண்டுபோங்கள்.

பிக்கா கண்ணாடியில் கதை வேறு திசையில் போகிறது. 2017இல் ஓர் ஆய்வுக் குழு, பழைய ஈரநிலங்களில் புல்லும் கரிமண்ணும் எரிந்த இயற்கைத் தீயே தரையைக் கண்ணாடியாக்கியது என்றது. 2021இல் வந்த ஆய்வு, பிரிந்த சிர்கானையும், டிராய்லைட், கியூபனைட் போன்ற கனிமங்களையும் அதே கண்ணாடியில் காட்டியது. ஸ்டார்டஸ்ட் விண்கலம் வைல்டு 2 வால்மீனிலிருந்து 2006இல் கொண்டுவந்த தூளில் இருந்த கனிமங்களை அவை ஒத்திருந்தன. வால்மீன் ஒன்று வானில் வெடித்தது என்பது அவர்கள் முடிவு. இங்கே தீக்கு எதிராக நிற்பவை வெப்பமும் வெளிப்பொருளும். வான்வெடிப்புக்கு எதிராக, லிபியாவில் கிடைத்ததைப் போன்ற அழுத்தச் சாட்சி இங்கே முன்வைக்கப்படவில்லை. ஒரே மூன்று கேள்விகள் இரண்டு பாலைவனங்களில் இரண்டு விதமான விடைக்கு இட்டுச்செல்கின்றன.

இன்னொரு குழப்பத்தையும் தவிர்த்துவிடுங்கள். லிபியக் கண்ணாடி கிடக்கும் பரப்பில் 1996இல் எடுக்கப்பட்ட ஹைபேஷியா என்ற கருங்கல்லை, கண்ணாடியின் வால்மீன் பிறப்புக்குச் சான்றாகச் சிலர் சொல்வார்கள். அந்தக் கல் வியப்பானது, விண்ணிலிருந்து வந்ததும்கூட. ஆனால் அது கண்ணாடிக்கு அருகில் கிடந்தது, கண்ணாடிக்குள் சிக்கியிருக்கவில்லை. 2 கோடியே 90 லட்சம் ஆண்டுகளில் ஒரு பாலைவனத்தின் தரையில் எத்தனையோ பொருள்கள் வந்து சேரும்.

ஆய்வகத்துக்குக் கொடுப்பதாக இருந்தால்

கருங்கோடோ அசாதாரணமான பொதிவோ உள்ள துண்டு உங்களிடம் இருந்து, நிலவியல் துறை உள்ள பல்கலைக்கழகம் ஒன்று அதைப் பார்க்க ஒப்புக்கொண்டால், துண்டின் மேல் மையால் குறியிடாதீர்கள். மையில் உள்ள உலோகங்கள் அளவீட்டைக் கெடுக்கும். உலோக இடுக்கியால் கருப்பகுதியைப் பிடிக்காதீர்கள். துண்டைத் தாளில் வைத்து வெளிக்கோடு வரைந்து, நான்கு பக்கங்களிலிருந்தும் அளவுகோலோடு படமெடுத்து, எந்த இடத்தை வெட்ட வேண்டும் என்பதைப் படத்தில் மட்டும் குறியுங்கள். கருங்கோட்டில் ஓர் இடம், அதற்குப் பக்கத்திலேயே தெளிந்த கண்ணாடியில் ஓர் இடம் என இரண்டையும் கேளுங்கள். தெளிந்த பகுதியின் எண் இல்லாவிட்டால், கருங்கோட்டில் கிடைக்கும் இரிடியம் கூடுதலா குறைவா என்று யாராலும் சொல்ல முடியாது. வெட்டும் முன் பாதித் துண்டை உங்களிடமே வைத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள். வேறொரு கேள்வியோடு வேறொருவர் பிறகு வரக்கூடும்.